தாய்வீட்டில் செல்லாத சீட்டு

1

இங்கே சம்பளக் கவரைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது சம்பளம் இல்லை, பிடித்தம். வரிக்கு ஒரு பிடித்தம், வயதான காலத்துக்கு ஒரு பிடித்தம், சங்கத்துக்குச் சந்தா, அதற்கும் கீழே உடம்புக்கு ஒன்று. உடம்புக்கு என்றால் இன்ஷூரன்ஸ். நாளைக்கு நமக்கோ வீட்டில் இருப்பவருக்கோ ஏதாவது வந்தால் வைத்தியச் செலவை அது ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய ஏற்பாடு. பெரும்பங்கு நிர்வாகம் கட்டும், சிறுபங்கு நாங்கள். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பி நான் வாங்கிய முதல் சம்பளத்தில் அந்தச் சிறுபங்கு ஏறியிருந்தது.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்துக்காரர். கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியும் ஏத்திட்டானுங்களா? பேஜாரு புடிச்ச ஊரா இருக்குதே. நோவு வந்தாலும் காசு, வரலைன்னாலும் காசு."

"ஏத்தட்டும்" என்றேன்.

"ஏத்தட்டுமா? இன்னாடி, சிரிச்சிக்கினே சொல்ற?"

சிரிக்காமல் என்ன செய்ய? இந்தத் தடவை பிடித்தம் ஏறியதற்குக் காரணமே நான்தான். கூட்டத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று ஏற்ற வைத்தவள் நான். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே வம்புக்கு இழுக்கிறார். உங்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன்.

சந்திரனில் மனிதர் இறங்கிய இந்தக் கோடையிலிருந்து தொடங்க வேண்டும். நியூயார்க் முழுக்க டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நான் ஆறு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சென்னையில் முறையாகப் படித்துத் தேறிய நர்ஸ்தான் நான். ஆனால் இவர்களுடைய பரீட்சையை எழுதித் தேறும்வரை இங்கே நான் நர்ஸ் இல்லையாம், உதவியாளாம். சரி, போகட்டும். உதவியாள் என்பதால்தான் சங்கத்தில் சேர முடிந்தது.

என் பெயர் லூர்துமேரி. சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்த்து எங்கள் சமையற்கூடத்துப் போர்ட்டோ ரிக்கோப் பெண்கள் என்னைத் தங்களில் ஒருத்தி என்றே முடிவுகட்டி, மளமளவென்று ஸ்பானிஷில் கொட்டுவார்கள். நான் மலங்க மலங்க விழிப்பேன். "பெத்தவங்க பேச்சையே மறந்துட்டாளே, பாவம்" என்று ஒருத்தி என்னைப் பற்றி வருத்தப்பட்டாளாம். கண்ணுக்குத் தெரியாத என் ஸ்பானிஷ் தாயாருக்காக நானும் கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் ஊரிலிருந்து ஏர் லெட்டர் வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல என் அக்கா பிலோமி எழுதுவாள், ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டாள். அதனால் கடிதத்தைப் பிரித்தால் அம்மா குரல் அப்படியே கேட்கும்.

"ஏழாம் மாசம் பொறக்குது. எப்போ உன்னை இட்டுக்கினு வர்றதுன்னு அப்பா கேக்குறாரு. தலைச்சன் புள்ளைய அசலூர்ல பெத்துக்கினா நாலு பேர் எங்களை இன்னா கேப்பாங்க? சரி, அது போவட்டும். அங்க உன் காலைத் தொட்டுப் பாக்க யார் இருக்கா?"

என்னவோ நான் திண்டிவனத்தில் இருப்பதுபோலவும், அப்பா காலை பாசஞ்சரில் வந்து மாலை பாசஞ்சரில் கூட்டிப்போய்விடலாம் என்பதுபோலவும் எழுதியிருந்தார்கள். சிரிப்புத்தான் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மனசு கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் செலவை ஏற்பீர்களா என்று கேட்டேன். தாய்வீடு எந்த மாநிலம் என்றாள் அங்கே இருந்த பெண். விழுப்புரம் என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, வெளியூரில் திடீரென்று உடம்புக்கு வந்தால் ஏற்போம், திட்டம்போட்டுப் போகிற பயணமாக இருந்தால் ஏற்கமாட்டோம், உங்களுடையது எது என்றாள்.

எங்கள் ஊரில் தலைச்சன் பிரசவம் என்பதே திட்டம்போட்டுப் போகிற பயணம்தான் அம்மா என்று அவளுக்கு எப்படி விளங்கவைப்பது? நன்றி சொல்லி வைத்துவிட்டேன். விமான டிக்கெட்டுக்கு எங்களிடம் வழியில்லை என்பது வேறு விஷயம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. இதே பேச்சை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், எங்கள் ஊரில், எங்கள் ஊர்க் கம்பவுண்டர் வாயால்.

2

அப்பா அந்தோணிசாமி விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் பிட்டர். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அதை உடைக்கும் மிஷின் நின்றுபோனால் அப்பாவைத் தேடுவார்கள். அம்மா சவரியம்மாளுக்கும் அதே மில்லில் வேலை. உடைத்து வரும் பயறை, அதாவது கடலைப் பருப்பை, பெண்கள் முறத்தில் வைத்துப் புடைத்துச் சொத்தை பொறுக்குவார்கள். சீசன் நாளில் ஆணும் பெண்ணும் தலைமுடி, புருவம் எல்லாம் சிவந்த தூசியோடு வீட்டுக்கு வருவார்கள். இருமல் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

அதே முதலாளிக்குத் திண்டிவனத்திலும் ஒரு மில் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சங்கம். அப்பா அதில் செயலாளர். நாலணா போய் இருபத்தைந்து காசு வந்த புதிதில் சங்கம் ஒரு கோரிக்கை வைத்தது. கூலி உயர்வு அல்ல, வைத்தியம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நின்றே ஒரு நாள் கூலி போய்விடும், எங்களுக்கென்று ஒரு டாக்டர் வேண்டும் என்பது கோரிக்கை.

பல தடவை பேசி, ஒரு தடவை மிஷினை நிறுத்தி, கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஊருக்கு ஒரு டாக்டர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் டாக்டருக்குப் போய்விடும். அதில் முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. யாருக்கு நோவு வந்தாலும் கையில் காசில்லாமல் போகலாம். இன்ஷூரன்ஸ் என்ற சொல் அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "டாக்டர் சீட்டு" என்போம். குடும்பத்துக்கு ஒரு சீட்டு, அட்டையில் அச்சடித்தது. அப்பா அதைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு சர்ச்சுக்கு வருவார்.

அதைவிடப் பெரிய பெருமை அவருக்கு ஒன்று இருந்தது. பேச்சுவார்த்தையின் கடைசி நாளில் அவரே வாதாடி ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். தொழிலாளியின் மனைவிக்குப் பிரசவம் என்றால் அந்தந்த ஊர் டாக்டர் தன் கிளினிக்கிலேயே படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஒரு பைசா செலவு கெடையாது. ராணி மாதிரி போய்ப் படுத்துக்கினு பெத்துக்கினு வர வேண்டியதுதான்" என்பார் போகிற வருகிறவர்களிடம்.

அந்த வருஷம் முழுக்க ஒரு ராணியும் போகவில்லை.

இது எப்படி யாருக்கும் தோன்றாமல் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களும் அப்படியே. விழுப்புரம் மில்லில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு திருவாமாத்தூருக்கோ திருவக்கரைப் பக்கமோ தன் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே விழுப்புரம் சீட்டு செல்லாது. விழுப்புரத்துக்குப் பிரசவத்துக்கு வருகிறவள் இந்த ஊரில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் இங்கே யாருக்கும் மனைவி இல்லை, மகள். கட்டிக்கொடுத்த மகள் சீட்டில் கிடையாது. ஆக, எந்த ஊரில் பிள்ளை பெறமாட்டார்களோ அந்த ஊரில் பார்த்து, பெரிய மனுஷர்கள் எல்லாரும் கூடிப் பிரசவத்தை இலவசமாக்கி வைத்திருந்தார்கள்.

3

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். மாமாவின் குடும்பம் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்துப் பக்கம் கேப்பையும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். மாமா மட்டும் திண்டிவனம் மில்லில் எடை போடுகிற வேலையில் இருந்தார். அக்காவுக்குத் தலைச்சன். அப்பாவின் ஒப்பந்தப்படி அவள் திண்டிவனம் சீட்டில் மனைவி. அங்கே இருந்த டாக்டர் மாதாமாதம் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

ஏழாம் மாதம் அம்மாவும் அப்பாவும் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய், வளையல் அடுக்கி, பாசஞ்சரில் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிவந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்திருந்தேன். அக்கா வந்தால் கதை பேசலாம் என்று காத்திருந்தால், அவள் வந்த நாள் முதல் தலைவலி தலைவலி என்று சுருண்டு படுத்தாள். முகம் உப்பியிருந்தது. மெட்டியைக் கழற்ற முடியவில்லை. வாசல் வெளிச்சத்தில் பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறது என்றாள்.

அம்மா அவளைக் குதிரை வண்டியில் ஏற்றி எங்கள் மில் டாக்டர் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். நானும் போனேன். டாக்டர் நடுவயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். அக்கா காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே வரவே இல்லை.

ரத்த அழுத்தம் பார்த்தார். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்படியே வுட்டா வலிப்பு வந்துடும்மா. தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. பிரசவம் ஆவுற வரைக்கும் இங்கியே படுக்கட்டும். உப்பு ஆவாது. நான் பார்வையில வச்சிக்கிறேன்."

அம்மா தலையாட்டினாள். சீட்டை எடுத்து நீட்டினாள். கம்பவுண்டர் வாங்கிப் பார்த்தார்.

"இது உங்க சீட்டும்மா. பொண்ணு கட்டிக்குடுத்ததாச்சே. அதுக்குப் புருஷன் சீட்டு இருக்குதா?"

அக்கா மாமாவின் சீட்டைக் கொண்டுவந்திருந்தாள். அதையும் பார்த்தார்.

"இது திண்டிவனம். இங்க செல்லாது. பொண்ணைத் திண்டிவனத்துக்கே இட்டுக்கினு போனீங்கன்னா ராஜ வைத்தியம் பண்ணுவாங்க."

"இந்த நெலைமையில ரயில்ல குலுங்கிக்கினு போவ சொல்றியாய்யா?" என்றாள் அம்மா.

கம்பவுண்டர் கெட்ட மனிதர் இல்லை. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்குப் படுக்கட்டும். ஊசி போடுறேன். ஆனா வாரக்கணக்குல படுக்கணும்மா. நான் ஒருத்தருக்குப் பண்ணா எல்லாரும் மகளைக் கொண்டாருவாங்க. மருந்து வெலை ஏறிப்போச்சு, எனக்கும் கட்டுபடியாவலை. உங்க வூட்டுக்காரர்தானே செயலாளர்? அவரு நாளைக்கு மில்லுல பேசப்போறாரு. அங்க ஒரு வழி பண்ணச் சொல்லுங்க."

4

நாளைக்கு என்ன பேசப்போகிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. ஒப்பந்தத்தின் ஒரு வருஷம் முடிகிறது. இரண்டு ஊர் டாக்டர்களும் கூடக் கேட்கிறார்கள். முதலாளி கூடத் தரமாட்டேன் என்கிறார். அப்படியானால் ஏறுவது முழுக்கத் தொழிலாளி தலையில் விழும். அப்பா நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். உண்மையில் கண்டுபிடித்தது மேனேஜர். ஒத்துக்கொண்டது அப்பா.

"ஒப்பந்தத்துலேர்ந்து அந்தப் பிரசவ வரியை எடுத்துட்டா டாக்டருங்க பழைய தொகைக்கே ஒத்துக்கறாங்களாம். வருஷம் பூரா ஒருத்தரும் போவலையே சவரி. யாருக்கும் வேணாத ஒண்ணுக்கு எதுக்குக் காசு கட்டணும்? செலவே இல்லாம முடிச்சிட்டேன். நாளைக்குக் கையெழுத்து."

அம்மா அப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் துணையாக என் அத்தையை விட்டு வந்திருந்தோம். சொம்பைத் தரையில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"யாருக்கும் வேணாவா? ஏன்யா, நீ எங்கய்யா பொறந்த?"

"இதென்ன கேள்வி? திருவாமாத்தூர்ல, எங்க அம்மாவைப் பெத்த ஆயா வூட்டுல."

"உங்க அப்பன் எந்த ஊரு?"

"விழுப்புரம்." சொல்லும்போதே அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"நான் பிலோமியை எங்க பெத்தேன்? லூர்துவை எங்க பெத்தேன்? இந்தத் தெருவுல எவளாவது தலைச்சனைப் புருஷன் வூட்டுல பெத்துருக்காளா? ஆம்பளைங்க நாலு பேரு உக்காந்துக்கினு பிரசவத்தைப் பத்திப் பேசனீங்களே, ஒரு பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா? உம் பொண்ணு அங்க கால் வீங்கிப் படுத்துக் கெடக்கறா. சீட்டு செல்லாதாம். நீ போட்ட சீட்டுய்யா அது!"

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கிளினிக்குக்கு ஓடினார். திரும்பி வந்து, போட்ட சோற்றில் கை வைக்கவில்லை. அம்மாவும் அன்றைக்குச் சாப்பிடு என்று சொல்லவில்லை.

மறுநாள் மில்லில் நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் அக்கா பக்கத்தில் விசிறிக்கொண்டு இருந்தேன். ஆனால் அப்பா அதை அத்தனை தடவை சொல்லியிருக்கிறார், தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு.

ஆபீஸ் அறையில் மேனேஜர், இரண்டு ஊர்ச் சங்கத்து ஆட்கள், நடுவில் காகிதம். அப்பா பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். வெளியே சலசலப்பு. கதவைத் திறந்தால் பயறு பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். கையில் முறம், தலையெல்லாம் தூசி. முன்னால் அம்மா.

"வேலையை வுட்டுட்டு இங்கென்னா?" என்றார் மேனேஜர்.

"ஒரே ஒரு கேள்விங்க ஐயா. கேட்டுட்டு ஜல்தியா போயிடறோம். ஐயா வூட்டம்மா தலைச்சனை எந்த ஊர்ல பெத்தாங்க?"

மேனேஜருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வருவதற்குள் பதில் வாயில் வந்துவிட்டது.

"கும்பகோணத்துல. அவ அம்மா வீட்டுல."

சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்துவிட்டார் என்பார் அப்பா.

அதற்கப்புறம் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பிரசவ வரி இருக்கட்டும், ஆனால் எந்த ஊர்ச் சீட்டாக இருந்தாலும் பெண் எந்த ஊருக்கு வருகிறாளோ அந்த ஊர் டாக்டர் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அப்படியானால் உண்மையாகவே ஆட்கள் வருவார்கள், டாக்டர்கள் கேட்கிற தொகையைத் தரவேண்டி வரும், முதலாளி பாதிதான் ஏற்பார், மீதி உங்கள் கூலியில் பிடிப்போம் என்றார் மேனேஜர். திண்டிவனத்து ஆள் ஒருவர் எழுந்தார்.

"எனக்கு மூணும் பசங்க. கட்டிக்குடுக்கப் பொண்ணே கெடையாது. நான் எதுக்குய்யா கூடக் கட்டணும்?"

கதவருகிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பசங்களுக்குக் கல்யாணம் பண்ணமாட்டியாண்ணா? வர்ற மருமவ எங்க போய்ப் பெத்துக்குவா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். கூலியில் பிடிப்பது கொஞ்சம் ஏறியது. ஆண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே கிளினிக்குக்கு வந்தார். மூச்சு வாங்கிற்று.

"டாக்டரய்யா, ஆயிடுச்சுங்க. எம் பொண்ணு படுக்கலாமுங்களா?"

"படுத்துக்கினுதானே இருக்குது" என்றார் டாக்டர். அப்பா நடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா பிரசவம் ஆகிறவரை அங்கேயே படுத்திருந்தாள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை. திட்டிக்கொண்டே சாப்பிடுவாள். டாக்டர் தினமும் வந்து காலை அழுத்துவார். நானும் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அந்தக் குழி மெதுவாக மேலே வந்தது. இன்னொரு நாள் குழியே விழவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நீயும் ஒருவாட்டி அழுத்திப் பாரு" என்றார். அழுத்தினேன். பிலோமி கூச்சம் தாங்காமல் காலை உதறினாள். ஒரு மத்தியானம் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடத்தில் மற்றவன் பல்லை உடைத்துக்கொண்டு திரிகிறான் என்று கடிதத்துக்குக் கடிதம் புகார் வருகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னாலும் அம்மா கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். காலை யார் பார்க்கிறார்கள்?

5

இங்கே சங்கக் கூட்டம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் நடக்கும். எங்கள் பிரதிநிதி கார்மென். சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள், போர்ட்டோ ரிக்கோக்காரி, குரல் மாடி வரை கேட்கும். அவள் பேசுவது இங்கிலீஷ். எனக்குக் காதில் விழுவது எங்கள் தெருப் பேச்சாகத்தான். அந்தக் கோடைக் கடைசியில் நடந்த கூட்டத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"கேட்டுக்கோங்க. வைத்தியச் செலவு எங்க பாத்தாலும் ஏறிக்கினே போவுது. நிர்வாகம் இன்னா சொல்றாங்கன்னா, நம்ம பங்கை ஏத்தாம இருக்கணும்னா ஒண்ணை வுட்டுக் குடுக்கணுமாம். புள்ளை பெத்து வூட்டுக்குப் போன பொம்பளையைப் பாக்க ஒரு நர்ஸ் வூட்டுக்கே வர்ற ஏற்பாடு இருக்குது பாருங்க, அதை எடுத்துடலாம்ன்றாங்க. யாருமே அதைக் கேக்கறதில்லையாம்."

கூட்டம் தலையாட்டியது. சரிதானே, யார் கேட்டது என்றாள் ஒருத்தி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். யாருக்கும் வேணாத ஒண்ணுக்கு எதுக்குக் காசு என்று என் அப்பாவே அங்கே வந்து நின்று சொன்னதுபோல இருந்தது.

பக்கத்தில் இருந்த போர்ட்டோ ரிக்கோக்காரியிடம் கேட்டேன். நீ பெற்றபோது நர்ஸ் வந்தாளா? அவள் சிரித்தாள். "நர்ஸ் எதுக்கு? எங்க அம்மா ஊர்லேர்ந்து வந்துட்டாங்களே. நாப்பது நாள் என்னைத் தலையைக்கூடக் கழுவ வுடலை." இன்னொருத்தி தெற்கு மாநிலத்துக் கறுப்பினப் பெண். அவள் அம்மா பஸ் ஏறி வந்தாளாம். எங்கள் ஊரில் பெண் தாயிடம் போகிறாள். இவர்கள் பக்கம் தாய் பெண்ணிடம் வருகிறாள். தாய் வீட்டுக்குள் இருக்கும்போது நர்ஸை யார் கூப்பிடுவார்கள்?

எழுந்து நின்றேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், கூட்டத்தில் பேச வராது. எனக்கு அம்மா இல்லை என்று தொடங்கிவிட்டேன். இங்கே இல்லை என்று சொல்ல வந்தது, பாதியில் நின்றுவிட்டது. உடனே முன்வரிசைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டினாள். ஐயோ, நல்லபடியாக இருக்கிறாள், விழுப்புரத்தில் இருக்கிறாள், என்னைத் திட்டிக் கடிதம் எழுதுகிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

அப்புறம் அக்கா கதையைச் சொன்னேன். மல்லாட்டை, முறம், கும்பகோணம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி இங்கிலீஷ், பாதி கை. எனக்கு அம்மா வர வழியில்லை, நான் போனால் உங்கள் சீட்டு அங்கே செல்லாது, எனக்கு அந்த நர்ஸ் வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கார்மென் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "வேற யாருக்கு அம்மா பக்கத்துல இல்லை?"

ஒரு பிலிப்பைன்ஸ் பெண் கை தூக்கினாள். ஹைத்தியிலிருந்து வந்தவள் ஒருத்தி. பின்னால், தாயை இழந்த ஒரு ஐரிஷ் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சலவை அறைக் கிழவர் ஒருவர் தன் மகளுக்காகக் கை தூக்கினார்.

"இத்தனை பேர் இருந்துக்கினு இத்தினி நாளா வாயைத் தொறக்காம இருந்தீங்களா?" என்று கார்மென் எங்களைத்தான் திட்டினாள். அந்த ஏற்பாடு தங்கியது. எங்கள் பங்கு ஏறியது. முணுமுணுப்பவர்கள் முணுமுணுத்தார்கள். அதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர்.

6

அக்டோபரில் எனக்குப் பெண் பிறந்தது. நல்ல பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவர் வேலைக்குப் போய்விட்டார், போகாவிட்டால் சம்பளம் கிடையாது. நானும் குழந்தையும் மட்டும். வெளியே மழை, இலை உதிர்கிற குளிர். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து நானும் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், நனைந்த கோட்டும் கறுப்புப் பையுமாக ஒரு வயதான அம்மா. மாடி ஏறிய களைப்பில் இளைத்தது. நர்ஸ் என்றாள். கையைக் கழுவினாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, தோளில் போட்டு, முதுகைத் தட்டினாள். அது ஏப்பம் விட்டு அடங்கியது. அவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு என்னைக் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். என் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். காலுறையை இறக்கினாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்து, குனிந்து பார்த்தாள். குழி விழவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வலிக்கிறதா என்று பதறினாள். இல்லை என்று தலையாட்டினேன். இன்னொரு காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும் ஏர் லெட்டர் எடுத்து எழுதினேன். பிள்ளையின் நிறம், எடை, யார் ஜாடை, ஞானஸ்நானத்துக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அப்புறம். அம்மா முதலில் எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பிலோமி அவளுக்குப் படித்துக்காட்டுகிறபோது முதல் வரியிலேயே அது வந்துவிட வேண்டும்.

"பாத்தாங்கம்மா. ரெண்டு காலையும் தொட்டுப் பாத்தாங்க. வீக்கம் இல்லை."